கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று

மேற்குத் தாம்பரம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள சுமதி,

முதலில் நன்றாகத் திட்டிவிடு, அப்புறம் படி. பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாளாமே, ராஜி சொன்னாள். போன வாரம் வந்திருந்தாள். குடை விஷயத்தை அவள் இந்த ஜென்மத்தில் விடமாட்டாள், உன்னிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் என் மழலையர் காப்பகத்துச் சமையலறையில் கேஸ் வாடை. சிலிண்டர் மாற்றும்போது வாஷர் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். தீ கீ எதுவும் இல்லை, பதறாதே. வாடை போகட்டும் என்று கலா எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனாள். விஜயாக்கா பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். சுவிட்சில் கிளம்பும் ஒரு பொறி போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, புண்ணியவதி. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளை வாசலுக்குக் கொண்டுபோனோம்.

கொண்டுபோனோம் என்று எழுதிவிட்டேன், சுலபமாக. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமாம், தரையோடு தரையாகத்தான் பரவும். எங்கள் கைக்குழந்தைகள் பாய் விரித்துப் படுத்திருப்பதும் அதே தரையில். ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம், விட்டுவிட்டு வந்தோம், மறுபடி ஓடினோம். நடக்கத் தெரிந்ததுகள் நாங்கள் உள்ளே திரும்பும்போதெல்லாம் அழுதுகொண்டே எங்கள் பின்னாலேயே உள்ளே வந்தன. எல்லாம் வெளியே வந்தபிறகு தலை எண்ணினால் ஒன்று குறைகிறது. வருகைப் பதிவேடு உள்ளே மேஜைமேல். எந்தத் தலை என்று தெரியாமல் நால்வரும் ஆளுக்கொரு பெயரைக் கத்துகிறோம். பையன் சறுக்குமரத்துக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். வாடைக்குப் பயப்படவில்லை, நாங்கள் போட்ட கூச்சலுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறான். பயந்த குழந்தை வெளியே ஓடாது, கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் போய் ஒண்டிக்கொள்ளும் என்று நீ ஒருமுறை சொன்னாய். அதைக் கண்ணால் பார்த்தேன்.

"அவசரகால நடைமுறை என்று ஒன்று எழுதி வைக்கவில்லையா?" என்று டூட்டி நர்ஸ் குரலில் கேட்பாய். இருக்கிறதடி! ஸ்பைரல் பைண்டிங் போட்டு, பளபளவென்று. லைசென்ஸுக்கு விண்ணப்பித்தபோது ஒரு ஆலோசகர் காசு வாங்கிக்கொண்டு தயாரித்துக் கொடுத்தது. அன்று சாயங்காலம் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். பனிப்புயலுக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. தாம்பரத்தில்! ஆபத்து வந்தால் எல்லோரும் முன்புறப் புல்வெளியில் கூட வேண்டுமாம். என் முன்புறத்தில் இருப்பது ஒரு சின்டெக்ஸ் டேங்கும் முனியம்மாக்காவின் துடைப்பமும்தான். பார்வையிட வந்த அதிகாரி பக்கங்களைப் புரட்டினார், சுவரில் தீயணைப்பான் மாட்டியிருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார், காபி குடித்தார். அந்தத் தீயணைப்பான் குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாதென்று உயரத்தில் மாட்டியது. முனியம்மாக்கா கைக்கும் எட்டாது. "அது சின்ன கேஸ் சிலிண்டர்னு நெனச்சேன்மா" என்றார் அக்கா. இத்தனை நாளும் அதற்கு அடியில் அடுப்புத் துணியைக்கூடக் காயப்போடாமல் ஒதுங்கிப் போயிருக்கிறார். இப்போது இறக்கி மாட்டியாயிற்று. பின்னை இழு, குழலைத் தீயின் அடிப்பக்கம் காட்டு, அழுத்து. முள் பச்சையில் இருக்கிறதா என்று திங்கட்கிழமைதோறும் அக்காதான் பார்த்துச் சொல்கிறார், அதில் அவருக்கு ஒரு கெத்து.

இனிமேல்தான் என் தலைவலி. என் கணக்கைக் கேள். கைக்குழந்தைகள் 7. தத்தித் தத்தி நடப்பவை 9. ஓடுபவை 10. பெரியவர்கள் நாங்கள் 4 பேர், மதியம் விஜயாக்கா கிளம்பிவிட்டால் 3. எந்த விதிப்புத்தகத்தைப் பார்த்தாலும் இத்தனை குழந்தைக்கு இத்தனை ஆயா என்றுதான் இருக்கிறது. அது சோறூட்டுவதற்கும் தூங்கவைப்பதற்கும் போட்ட கணக்கு. தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு வேறு கணக்கு, அதில் எண்ண வேண்டியது கைகளை. கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்றால்கூட 3 பேருக்கு 6. ஏழாவது? மீதிப் பத்தொன்பதையும் யார் கூட்டிக்கொண்டு வருவது? அதிலும் மதியம் ஒன்றரை மணிக்கு எல்லாம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கும். தூங்குகிற மூன்று வயதுப் பையனும் அப்போது கைக்குழந்தைதான். ராத்திரி படுத்தால் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. இவர் "லைட்டை அணை" என்கிறார். நான் 7-ஐ 3-ஆல் வகுத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டுக் காப்பகங்களில் சக்கரம் வைத்த தொட்டில் இருக்கிறதாம், நாலைந்து குழந்தைகளை உள்ளே விட்டு உருட்டிக்கொண்டு போய்விடலாமாம். வெல்டிங் பட்டறையில் சொல்லி நானும் ஒன்று செய்தேன். நன்றாகத்தான் செய்தார், கதவகலத்துக்கு அளந்து. வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தால் நிலைப்படியில் முட்டிக்கொண்டு நிற்கிறது! நாலு விரற்கடை உயரம், மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த நிலைப்படி. வெட்டலாமா என்று கேட்டதற்கு ஹவுஸ் ஓனரம்மா, குடும்பத்தையே வெட்டக் கேட்டதுபோல் பார்த்தார். இப்போது ஆசாரி சாய்வாக ஒரு பலகை அடித்துக் கொடுத்திருக்கிறார். தொட்டிலும் உருளுகிறது, மகாலட்சுமியும் பத்திரம்.

ஆனால் நிஜமாகவே வழி காட்டியது முனியம்மாக்கா. செய்யாறு பக்கம் நாற்று நடப் போனவர். "எதுக்குமா இரும்பு, ஒரு பழைய பருத்திப் பொடவ குடு" என்றார். பாதியாகக் கிழித்து, தோளில் குறுக்கே போட்டு, முடிச்சை முதுகில் இறுக்கி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நின்றார். கை இரண்டும் சும்மா! அந்தக் கையில் இன்னும் இரண்டு நடைக்காரர்களைப் பிடித்துக்கொண்டார். கலாவும் நானும் கட்டிப் பழகிக்கொண்டிருக்கிறோம், எனக்கு முடிச்சு நழுவுகிறது. முதலில் அரிசி மூட்டையோடு பழகுகிறேன், சிரிக்காதே.

நடக்கிறவர்களுக்குக் கயிறு. முழத்துக்கு ஒரு வளையம் முடிந்து, ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்தால் ரயில். மணி அடித்துப் பார்த்தோம், அழுதார்கள். விசிலுக்கும் அழுகை. கலா சாதாரணக் குரலில் "ரயில் கிளம்புது" என்றாள், விட்டதை விட்டபடி ஓடிவந்து கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். இப்போது நினைத்த நேரத்தில் ரயில் விடுகிறோம், சோற்று நேரத்தில், மழை நேரத்தில், ஒருநாள் தூக்கத்தின் நடுவிலும். அன்றைக்கு மட்டும் என்ஜினே தூங்கி வழிந்தது. கடைசியாக வெளியே வருவது நான்: கழிவறை, கட்டிலடி, திரைச்சீலை, சறுக்குமரத்தடி எல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டு.

கேட் இன்னொரு கூத்து. குழந்தைகள் தெருவுக்கு ஓடாமலிருக்கப் பூட்டு, சாவி கலாவின் இடுப்பில். கலா சாப்பிடப் போனால்? பூட்டை எடுத்துவிட்டு உயரத்தில் தாழ்ப்பாள் போட்டேன். எதிரில் இஸ்திரி வண்டிக்காரரையும் சைக்கிள் கடைப் பையனையும் உதவிக்குப் பேசி வைத்தேன். உடனே இரண்டு அம்மாக்கள், "கண்ட ஆளெல்லாம் உள்ளே வரலாமா மேடம்?" என்று வந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தானே. அதனால் அந்த இருவரும் கேட்டைத் தாண்டமாட்டார்கள். வெளியே நின்று, வருகிற குழந்தையை வாங்கி, இஸ்திரி வண்டியின் பக்கம் உட்காரவைப்பார்கள். அங்கிருந்து யார் யாரிடம் போகிறது என்பதற்கும் வீட்டுக்கு ஒரு அடையாளச் சொல் வைத்திருக்கிறேன். பதற்றத்தில் "நான் மாமா" என்று யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாமே. ஒரு தாத்தா, ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டர், என்னையே சந்தேகப்படுகிறாயா என்று குதித்தார். பேத்தி அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லை எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள். மாற்ற வேண்டியதாயிற்று.

புல்வெளி எழுதிய மகானுக்கு இன்னொன்றும் தோன்றவில்லை. தீ என்றால் வெளியே ஓட வேண்டும், வெள்ளம் என்றால் வெளியே போகவே கூடாது, மேலே ஏற வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதை நீ டிவியில்தான் பார்த்தாய். நான் இங்கிருந்தேன். கரண்ட் போய், செல்போன் டவரும் செத்து, பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கக்கூட வழியில்லை. 2023 மிக்ஜாம் புயலிலும் அதே கதை. அதனால் மழைக்கு முதல் மாடி. பெற்றோர் நம்பரெல்லாம் தாளில் எழுதி, லேமினேட் செய்து, வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் நம்பரோடு, பதிவேட்டோடு சேர்த்து ஒரே பையில் கதவோரம் தொங்குகிறது. பால் பவுடர், தண்ணீர், டயப்பர், டார்ச், எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து ஆகாது என்ற சீட்டு, எல்லாம் அதில்தான். சுவரில் பெரிய எழுத்தில் 101, 108, கேஸுக்கு 1906.

இவ்வளவும் எழுதியது, உன்னிடம் கேட்க வேண்டியதைத் தள்ளிப்போடத்தான்.

மொட்டை மாடியில் ஹவுஸ் ஓனர் வெயிலுக்கென்று கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார். எத்தனையோ தடவை சொல்லியும் "அது பாட்டுக்கு இருக்கும்மா" என்றார். கேஸ் வாடைக்கு மறுநாள் மேலே போய், "கும்பகோணம்" என்று மட்டும் சொன்னேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்த வாரமே பிரித்துவிட்டார். அந்த ஊர்ப் பெயர் 2004-க்குப் பிறகு அப்படித்தான் ஆகிவிட்டது, மகாமகமும் டிகிரி காபியும் அப்புறம்தான். காசிராமன் தெருப் பள்ளிக்கூடம், ஜூலை 16, சத்துணவுக்கு மூட்டிய அடுப்பு, கூரையில் கீற்று, குறுகலான படிக்கட்டு, தீயில் போன 94 பிள்ளைகள். அதற்குப் பிறகு போட்ட பொதுநல வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் தீயணைப்புக் கருவியும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கட்டாயம் என்றது. தஞ்சாவூர்க் கோர்ட்டில் தீர்ப்பு வர 2014 ஆயிற்று. இதெல்லாம் பேப்பரில் படித்தது. அன்றைக்கு நீ ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்தாய். அதைப் பற்றி நீ பேசியதில்லை, நாங்கள் யாரும் கேட்டதுமில்லை. ராஜி ஒருமுறை வாயெடுத்தபோது நீ எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாய்.

இப்போதும் அதைக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான். பிள்ளையைத் தேடி வந்தவர்களுக்குப் பெயர் பார்த்துப் பதில் சொல்ல, ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு அங்கே யாராவது நின்றார்களா? நின்றிருந்தால் அதில் என்னென்ன இருந்தது, இல்லையென்றால் என்ன இருந்திருக்க வேண்டும்? என் பதிவேட்டில் பெயரும் வந்த நேரமும் இருக்கிறது. அன்றைய சட்டை நிறத்தையும் எழுதலாமா என்று யோசிக்கிறேன். எழுதும்போது கை ஓடவில்லை, அதனால் உன்னைக் கேட்கிறேன். பிடிக்கவில்லையென்றால் இந்தப் பாராவை விட்டுவிட்டு மற்றதற்குப் பதில் போடு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

மற்றது என்னவென்றால், ஒரு சனிக்கிழமை நீ இங்கே வர வேண்டும். வலிப்பு வந்தால் கையில் சாவியைக் கொடுக்கக்கூடாது, வாயில் எதையும் திணிக்கக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கவை, மணியைப் பார், அஞ்சு நிமிஷம் தாண்டினால் 108 என்று நான் சொன்னால் முனியம்மாக்கா "ஆகட்டும்மா" என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை முந்தானையில் முடிந்துகொள்கிறார். நர்ஸம்மா சொன்னால் கேட்பார். தொண்டையில் அடைத்துக்கொண்டால் ஒரு வயதுக்குள் இருப்பதற்கு முதுகில் அஞ்சு தட்டு, மார்பில் அஞ்சு அழுத்து, வயிற்றில் கை வைக்கவே கூடாது என்பதையும் நீ செய்து காட்ட வேண்டும். நான் வாயால் சொன்னால் கலா தலையாட்டுகிறாள், கை எங்கே போகிறது என்று பார்த்தால் வயிற்றுக்குத்தான் போகிறது. கடலை மிட்டாய் கொடுத்து அனுப்பும் பெற்றோர்களை நீயே கூப்பிட்டு மிரட்டிவிட்டுப் போ, உனக்குத்தான் அது வரும்.

மூச்சு நின்றால் மார்பை அழுத்தும் சிபிஆர் பழகுகிற பொம்மைக்குழந்தை உன்னிடம் இருக்கிறதல்லவா, அதையும் கொண்டு வா. துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள். மடியில் வைத்துக்கொண்டு, பொழுது போகாமல் பஸ்ஸிலேயே அதன் மார்பை அழுத்திப் பழகாதே. கண்டக்டர் வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
பானு

பி.கு: வரும்போது குடையையும் எடுத்து வந்துவிடேன், ராஜியையும் கூப்பிட்டு முடித்துவிடலாம்.