மும்முனை வரும் நேரம்

மதுரை, பைக்காரா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போன வாரம் நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். உனக்கு அவசரம், எனக்கோ ஒவ்வொன்றாகத்தான் ஞாபகம் வருகிறது. அதனால் மின்வாரிய வேலைக்காலத்துப் பழைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன் ஆராய்ச்சிக்காக, உசிலம்பட்டிப் பக்கத்து ஃபீடரில் (சப்ஸ்டேஷனிலிருந்து ஊர்களுக்குப் போகும் லைன்) பம்புசெட்டுகள் மணிக்கு எவ்வளவு இழுக்கும், கணக்கு கிடைக்குமா என்று கேட்டாய். நீ நினைக்கிற மாதிரி கிடைக்காது. 1990 முதல் விவசாயிகள் எல்லோருக்கும் கரண்ட் இலவசம். காசு வாங்காத இடத்தில் மீட்டரை யார் பார்க்கப் போகிறார்கள்? சப்ஸ்டேஷனில் ஃபீடர் கிளம்பும் இடத்தில் ஒரு அளவு இருக்கும். அதில் வீடு, கடை, மாவு மில் எல்லாம் கலந்து கிடக்கும். பிரித்துச் சொன்னால் அது மதிப்பீடுதான்.

உங்கள் கிளாஸ்கோ பேராசிரியர் வரைந்த லோடு படத்தை, அதாவது ஒரு நாளில் கரண்ட் செலவு ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டை, பார்த்தேன். காலையில் மெல்ல ஏறி, மத்தியானம் மேடாகி, சாயங்காலம் மெல்ல இறங்குகிறது. நம் பக்கத்து மோட்டார் எதுவும் மெல்ல ஏறாது பாப்பா.

செக்கானூரணி தாண்டி ஒரு டிரான்ஸ்பார்மர். ராத்திரி மும்முனை, அதாவது மூன்று முனையிலும் குறித்த நேரத்துக்கு மட்டும் விடுகிற மோட்டார் கரண்ட், வரப் பத்து நிமிடம் இருக்கும். கிணற்றடியில் ஒரு ஆள் கிடையாது, சம்சாரி வீட்டில் தூங்குகிறார். எல்லா மோட்டாரிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் வந்ததும் இருட்டுக்குள் அங்கங்கே டக், டக் என்று சத்தம் கேட்கும். டிரான்ஸ்பார்மர் மூச்சுத் திணறுகிற மாதிரி உறுமும். பக்கத்துக் களத்துக் குண்டு பல்பு கங்கு மாதிரிச் சிவந்து போகும். மோட்டார் எழும்பும்போது ஓடுவதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அத்தனையும் ஒரே நொடியில் எழும்பினால்? ஃபீடர் ட்ரிப், லைனே தானாக அணைந்துவிடும். திரும்பப் போடுவோம், திரும்ப ட்ரிப். மூன்றாவது தடவை, நாலைந்து டிரான்ஸ்பார்மர்களை லைனிலிருந்து பிரிக்கிற ஏபி சுவிட்சைத் திறந்து வைத்துவிட்டு, பாதியை முதலில் ஏற்றி, மீதியை ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். ஸ்டார்ட்டரில் தாமதிக்கிற டைமர் உண்டு. அடுத்த தோட்டத்துக்காரர் முந்திக்கொள்வாரே, அதைக் கூட்டி வைக்க யாருக்கு மனசு வரும்?

இன்னொன்று. மும்முனை இல்லாத நேரத்தில் பம்பு லோடு பூஜ்யம் என்று போட்டிருக்கிறாய். பூஜ்யம் இல்லை. இருக்கிற முனைகளிலேயே கெப்பாசிட்டர் வைத்து மோட்டாரை ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். முறையில்லைதான், ஆனால் நடக்கிறது. லைன் கடைசியில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 170 பார்த்திருக்கிறேன். வோல்டேஜ் விழுந்தால் மோட்டார் இன்னும் அதிகமாக ஆம்ப்ஸ் இழுக்கும், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) புகையும். காயில் கட்டுகிற கடையில் நாலு நாள் உட்கார்ந்தால் உனக்கு வேண்டிய டேட்டா கிடைத்துவிடும். சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நீ அனுப்பிய, கிளாஸ்கோ பக்கத்து ஒயிட்லீ காற்றாலைப் படங்கள் வந்தன. ஒரே இடத்தில் 215 நிற்கிறதா! ஆண்டிப்பட்டிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நீ எண்ண ஆரம்பித்துத் தூங்கிப்போவாய், அதுதான் ஞாபகம் வந்தது. அங்கே குளிரில் ஹீட்டர் ஓடுகிற காலத்தில்தான் காற்றும் நன்றாக அடிக்கும். நமக்குச் சித்திரையில் ஊரே ஃபேனும் ஏசியுமாக இருக்கும், இலை அசையாது. வைகாசி பாதி தாண்டினால்தான் காற்று எட்டிப் பார்க்கும். அவர்கள் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. சித்திரையில் நமக்குக் கைகொடுப்பது வெயில்தான். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சோலார் போட்டார்களே, அந்த வெயில் இருக்கும்போதே பம்புகளை ஓட்டிவிட்டால் ராத்திரித் தொல்லை பாதி குறையும். நிலத்தடி நீர் என்ன ஆகும் என்பது வேறு கவலை. சும்மா வருகிற கரண்டுக்கு யார் மோட்டாரை நிறுத்துவார்?

சுற்றுகிற கனமான ஜெனரேட்டர்கள் வேகத்தைச் சட்டென்று விழவிடாமல் தாங்குவதை இனர்ஷியா என்று நீ விளக்கியது எனக்கு என் வழியில் புரிந்தது. அந்தக் காலத்தில் சப்ஸ்டேஷனில் ஃப்ரீக்வென்சி மீட்டர் (கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று காட்டுவது) என்றால் வரிசையாகச் சின்னச் சின்ன இரும்பு நாக்குகள். 50 நாக்கு அதிர்ந்தால் நிம்மதி. 48.5 பக்கம் அதிர்ந்து நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. 2012 ஜூலையில் வடக்கே கிரிட் (மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கிற லைன் வலை) மொத்தமாக விழுந்தபோது நாம் தப்பினோம், ஏனென்றால் தெற்கு அப்போது அவர்களோடு டிசி லைனில் மட்டும்தான் சேர்ந்திருந்தது, அவர்கள் துடிப்பு தடுமாறினாலும் நம்மைத் தொடாது. நீ அப்போது ஒன்பதாவது. நம் ஊர் மின்வெட்டில் கரண்ட் இல்லாமல் மெழுகுவர்த்தியில் படித்துக்கொண்டே, 'நாம எங்கப்பா தப்பிச்சோம்?' என்று கேட்டாய். 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வந்தபின் நாடு முழுக்க ஒரே துடிப்பு. 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஃப்ரீக்வென்சி 48.8க்கு இறங்கியதற்கே பத்து லட்சம் இணைப்புக்கு மேல் அணைந்தது என்று நீ சொன்னபோது எனக்கு அந்த நாக்குகள்தான் கண்முன் ஆடின.

மதுரையும் கிளாஸ்கோவும் சேர்ந்து ஆராய்ச்சி செய்வதில் எனக்குச் சந்தோஷம்தான். நம் வீட்டு உருண்டை முள் பிளக்கே வெள்ளைக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனது. அவர்கள் சதுர முள்ளுக்கு மாறிவிட்டார்கள், நாம் இன்னும் விடவில்லை. நம் ஏரியாவுக்கே நீலகிரியின் பைக்காரா பவர்ஹவுஸ் பெயர்தான், அங்கிருந்து லைன் வந்து இறங்கிய இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தூரத்திலிருந்து வருவதை வாங்கிக்கொள்ள நமக்குத் தெரியும். இங்கிருந்து போகிற நம்பர் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தை மாதம் பேராசிரியர் வருகிறாராமே. கல்லூரியில் சால்வை, குரூப் போட்டோ எல்லாம் முடியட்டும். ஒரு ராத்திரி மட்டும் எனக்குக் கொடுங்கள். அந்த டிரான்ஸ்பார்மர் பக்கம் கூட்டிப்போகிறேன். மும்முனை எத்தனை மணிக்கு வரும் என்று முந்தின நாளே விசாரித்து வைக்கிறேன். அவரை ஷூ போட்டு வரச் சொல், வரப்பில் நெருஞ்சி முள் கிடக்கும். நீ டார்ச் கொண்டு வா, என்னுடையது சார்ஜ் நிற்பதில்லை.

அன்புடன்,
அப்பா