கையைக் கட்டி நின்றவர்களுக்கும் ஓடி வந்தவர்களுக்கும்

அன்பானவர்களே,

போன வாரம் மூன்று குதிரைக் குட்டிகளுக்கும் பால் மறக்கடித்தோம். நாலு நாள் லாயமே அதிரும்படி கனைத்துத் தீர்த்துவிட்டு இப்போதுதான் அடங்கியிருக்கின்றன. ஆறு மாதமாகச் சொல்ல நினைத்த நன்றியை அதனால் இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது.

முதலில் இரவுக் காவல் இருந்தவர்கள். குதிரைச் சினைக்கு 340 நாள் கணக்கு என்பார்கள். அது பேச்சுக்குத்தான். 320 நாளிலும் போடும், ஒரு வருடத்தைத் தொட்டும் இழுக்கும். செவலை 352 நாள் இழுத்தாள். காம்பு நுனியில் மெழுகு திரண்டுவிட்டது, இன்று நிச்சயம் என்று மூன்று இரவு உங்களை உட்கார வைத்தேன். நாலாம் இரவு, ஆள் மாறும் அந்தப் பத்து நிமிட இடைவெளியில் பனிக்குடத்தை உடைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். குதிரைகள் ஆள் பார்த்துத்தான் ஈனும் என்று எனக்கு இப்போது உறுதியான சந்தேகம் உண்டு. தூக்கம் கெட்டும் குட்டி பிறந்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்காத இருவருக்கும் இரட்டை நன்றி.

அடுத்தது, அன்று என் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்திய பெரியம்மாவுக்கு. குட்டி எழ முயன்று விழுகிறது. மறுபடி எழுகிறது, முன்கால் ஒரு பக்கம் பின்கால் ஒரு பக்கம் போகிறது, மறுபடி விழுகிறது. பிறந்த குட்டிக்குக் காலின் நீளம் கிட்டத்தட்ட வளர்ந்த குதிரைக்கு உள்ளது. அவ்வளவு நீளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. தூக்கி நிறுத்தப் பாய்ந்தேன். "கையைக் கட்டிட்டு நில்லு. ஒரு மணி நேரத்துல எந்திரிக்கணும், ரெண்டு மணி நேரத்துல மடியப் பிடிக்கணும், மூணு மணி நேரத்துக்குள்ள தாய் நஞ்சுக்கொடியப் போடணும். தப்பினா கூப்பிடு, அதுவரைக்கும் ஆத்தாளும் குட்டியும் பாத்துக்கும்" என்றீர்கள். நின்றேன். சுவரை நக்கிப் பார்த்தது, தாயின் முழங்கையைச் சப்பிப் பார்த்தது, கடைசியில் எழுபதாம் நிமிடத்தில் மடிக்கு வந்து சேர்ந்தது. செவலை வாலைத் தூக்கி இடுப்பைச் சாய்த்து இடம் கொடுத்தாள். நான் நடுவில் நுழைந்திருந்தால் அந்த இடம் கொடுத்தலைக் கெடுத்திருப்பேன்.

அந்தப் பாடம் இன்னொரு தாய்க்குதிரையான மயிலைக்குப் பொருந்தவில்லை. ஈனுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அவள் மடியிலிருந்து பால் ஒழுகிக்கொண்டிருந்தது. நிறையப் பால் இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒழுகிப் போனது சீம்பால் என்பது என் மண்டையில் ஏறவில்லை. குதிரையின் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்கு நோய் எதிர்ப்பு எதுவும் போய்ச் சேர்வதில்லை. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். அதையும் குட்டியின் குடல் முதல் ஒரு நாள்தான் உள்ளே விடும், நேரம் ஆக ஆகக் கதவு சாத்திக்கொண்டே வரும்.

பக்கத்துப் பண்ணைக்காரரே, நடுச்சாமத்தில் உங்களை எழுப்பினேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் உறைய வைத்திருந்த சீம்பாலை எடுத்து வந்தீர்கள். நான் கொதிநீரைத் தேடியபோது தடுத்து, சூடு பட்டால் உள்ளிருக்கும் சத்தே செத்துவிடும் என்று சொல்லி, வெதுவெதுப்பான நீரில் பொறுமையாக உருக்கினீர்கள். மறுநாள் மருத்துவரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தபோது எதிர்ப்புப் புரதம் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராம் இருக்க வேண்டியது, அதில் பாதியைச் சற்றுத் தாண்டியிருந்தது. உங்கள் சீம்பால் இல்லாவிட்டால் அந்தப் பாதியும் இருந்திருக்காது. மீதியைக் கழுத்து நரம்பு வழியே பிளாஸ்மா ஏற்றி ஈடுகட்டினார். அவ்வளவு நேரமும் குட்டியை மடியில் சாய்த்துப் பிடித்திருந்த இரண்டு பிள்ளைகளே, மயிலை உங்கள் தலைமுடியை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாளே, கடிக்காமல் விட்டதே உங்களுக்கு அவள் சொன்ன நன்றி.

மருத்துவரம்மாவிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். மூன்றாவது தாய்க்குதிரையான காரியின் குட்டி தாயின் சாணத்தைத் தின்கிறது என்று விடியற்காலையில் பதறி அழைத்தது நான்தான். குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்களை அது அப்படித்தான் சேர்த்துக்கொள்ளும் என்று சிரிக்காமல் விளக்கினீர்கள். ஒன்பதாம் நாள் கழிச்சலுக்கும் அழைத்தேன். பால் குடிக்கிறதா, துள்ளுகிறதா என்று மட்டும் கேட்டீர்கள். இரண்டும் உண்டு என்றேன். "அப்ப பின்பக்கத்தைக் கழுவிவிட்டு நீங்க தூங்குங்க" என்றீர்கள்.

அதன் பிறகு வந்த மாதங்களுக்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வேலி ஓரம் நின்று பார்த்ததுதான் வேலை. முதல் வாரம் மணிக்கு நாலைந்து முறை மடி. பிறகு தாயின் விலாவை ஒட்டியே ஓட்டம். பிறகு ஒருநாள் பத்தடி தள்ளி, திடீரென்று தனியாக நிற்பது நினைவுக்கு வந்து ஒரே பாய்ச்சலில் திரும்புதல். பெரிய குதிரை எதிரில் வந்தால் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடி, நான் சின்னப் பிள்ளை, அடிக்காதே என்று கெஞ்சும் அந்த முகத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. கருகருவென்று பிறந்த மயிலையின் குட்டிக்குக் குட்டிமயிர் உதிர்ந்தபோது கண்ணைச் சுற்றி நரை, மூக்குக்கண்ணாடி மாட்டியது போல. இன்னும் சில வருடத்தில் தாயைப் போலவே வெளுத்துவிடும்.

லாடம் அடிக்கும் அண்ணனுக்கு: குளம்பைச் சீவுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வரும்போதெல்லாம் காலைத் தூக்கிப் பிடித்து, தட்டி, கீழே விட்டுப் பழக்கினீர்கள். அதற்குக் கூலியும் வாங்கவில்லை. முதல் சீவலன்று காரியின் குட்டி உங்கள் தோளில் தலையை வைத்துத் தூங்கியே விட்டது.

கிழக்குதிரையை இரவல் தந்தவருக்குக் கடைசியாக, ஆனால் குறைவாக அல்ல. தாய்களை ஒவ்வொன்றாக விலக்கியபோது குட்டிகள் அந்தக் கிழவியின் பின்னால்தான் போய் நின்றன. பால் தேடி முட்டியபோது ஒரு உதை கொடுத்தாள், அளவான உதை. இன்னும் இரண்டு வாரம் அவள் இங்கேயே இருக்கட்டும்.

காவலிரவுகளில் நீங்கள் விட்டுப்போன போர்வைகள் ஐந்தையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஆறாவதைச் செவலையின் குட்டி மென்றுவிட்டது. அது யாருடையது என்று தெரியவில்லை, வந்து சொல்லுங்கள்.

நன்றியுடன்,
மூன்று குட்டிகளின் பண்ணையிலிருந்து