ஐயனார் கோயில் திருப்பணி: பங்காளிகளுக்கும் பக்தர்களுக்கும் வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசன வயல்களுக்கு நடுவே இருக்கிறது நம் ஐயனார் கோயில். 2018 நவம்பர் 16 அதிகாலை அடித்த கஜா புயலில் வாசல் ஆலமரம் வேரோடு பெயர்ந்து முன்மண்டபத்தின் மேல் விழுந்தது. சுதைக் குதிரைக்குத் தலை போயிற்று. வீட்டுக் கூரையும் தென்னந்தோப்பும் போய் நின்ற சனத்திடம் கோயிலுக்கு என்று எப்படிக் கேட்பது? தகரக் கொட்டகை போட்டுப் பூசையை நிறுத்தாமல் ஓட்டி வந்தோம். இப்போது திருப்பணியைத் தொடங்குகிறோம்.

உள்ளூரில் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, 5,000 ரூபாய் வரி போட்டாயிற்று. அது போதாது. பங்காளிகளில் பாதிக்கு மேல் வெளியூரில் இருக்கிறார்கள். திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று போனவர்கள் போக, நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. முதல் மொட்டை, காதுகுத்து, கல்யாணத்தின் முதல் பத்திரிகை எல்லாம் இந்த வாசலுக்கு வர வேண்டியவை. வழி தெரியாமலே வராதவர்கள் அநேகம்.

போன பங்குனி உத்திரத்துக்குப் பினாங்கிலிருந்து ஒரு குடும்பம் தேடி வந்தது. தாத்தா பெயரைச் சொன்னார்கள், ஒருவருக்கும் பிடிபடவில்லை. பேச்சுவாக்கில் அந்த அம்மாள், தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்குப் பூரணம் என்று பெயர் வைப்பது தங்கள் வீட்டு வழக்கம், ஏனென்று தெரியாது என்றார். பூசாரி ஒன்றும் பேசாமல் தீபத்தைத் தூக்கி, ஐயனார் அருகே அமர்ந்திருக்கும் அவர் தேவி பூரணையைக் காட்டினார். பெயர் ஒன்றை வைத்து உறவு சொல்லிவிட முடியாதுதான். ஆனால் வகையறாப் பெயரும், கிழக்குத் தெருவில் அவர்கள் விட்டுப்போன மனையும் ஒத்துப்போயின. கிளம்பும்போது கோயில் மண்ணில் ஒரு பிடி, பிடிமண், கேட்டு வாங்கி மடியில் முடிந்துகொண்டார்கள்.

வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். டைல்ஸ் ஒட்டிப் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். குழு ஒப்பவில்லை. பழைய செங்கல் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று கல்லை அரித்துவிடும். ஆகவே சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுத்தான் பூச்சு. கூலி கூடும், நாளும் ஆகும். மண்டபத்தில் பெயர்ந்த கற்களுக்கு எண் போட்டு, அதே இடத்தில் அடுக்குவோம். சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, எடுத்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டச் செய்தார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் காவிரிக்கரையில் இருந்த அக்கறை அது. நம்முடையது சின்னக் கோயில், கல்வெட்டும் கிடையாது. அதனால் இருக்கிற கல்லை இழக்கலாமா?

தை, மாசியில் அறுவடை முடிந்ததும் வேலை ஆரம்பம். ஜூன் 12 மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் வயலுக்குள் வண்டி இறங்காது. அதற்குள் கல்லும் மணலும் வந்து சேர்ந்தாக வேண்டும். எனவே தை முடிவதற்குள் நன்கொடை கிடைத்தால் உபகாரமாக இருக்கும். பணமாகத்தான் என்றில்லை. சுண்ணாம்பு, வெல்லம், ஒருநாள் கொத்தனார் கூலி, அன்னதானத்துக்கு நெல், எதுவானாலும் சரி.

நன்கொடைக்குக் குழுவின் முத்திரையிட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் எங்களில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வரவு செலவு ஒவ்வொரு அமாவாசையும் கோயில் வாசலில் ஒட்டப்படும். வெளியூரில் இருப்பவர்கள் பணத்தோடு தங்கள் வகையறா, பாட்டன் பூட்டன் பெயர், தெரிந்தால் தெருப் பெயர் ஆகியவற்றையும் எழுதி அனுப்புங்கள். பங்காளிப் பதிவேடு ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர், கிராமவாசிகள்