கார்டை மட்டும் மாற்று, தம்பி

சிவமயம்

பள்ளத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

உன்னைப் பெற்ற அப்பச்சி எழுதுவது. இங்கே ஆத்தா, அப்பத்தா, தங்கச்சி எல்லோரும் நலம். போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். நம் கம்ப்யூட்டர் கடையில் ஆட்கள் நின்றார்கள். அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

நீ ஆட்டம் ஆடும் கம்ப்யூட்டரில் மதர்போர்டு, பிராசசர், புதுத் தலைமுறை டிடிஆர்5 ரேம், திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு என்று மொத்தமாக இப்போதே மாற்றலாமா, விலை இறங்கும்வரை பொறுக்கலாமா என்று கேட்டாய். கார்டை மட்டும் இப்போது வாங்கு. மற்றதில் கை வைக்காதே.

இதை இவ்வளவு யோசித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 கடைசியில் நீ ஒரு நல்ல கார்டு கேட்டாய். "ஆறு மாசம் பொறு, இறங்கும்" என்று சொன்னது நான்தான். இறங்கவில்லை. சிப் தட்டுப்பாடும், கார்டுகளை ஓட்டிக் கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங்கும் சேர்ந்து கார்டு விலையை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தின. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்தில் மைனிங் நின்றது. அதற்குள் நீ படிப்பை முடித்து ஓசூருக்குப் போய்விட்டாய். அதுவரைக்கும் நீ அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது ரேமின் முறை. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்று கம்பெனிகள்தான் உலகத்துக்கு வேண்டிய ரேம் சிப்பில் பெரும்பங்கைச் செய்கின்றன. ஏஐ சர்வர்களுக்கு வேண்டிய மெமரியில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்பை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான், நாம் எத்தனையோ பேருக்குப் போட்டுக் கொடுத்த குரூஷியல் ரேம் வியாபாரத்தையே விடப்போவதாக அறிவித்தது. சென்ற வாரம் ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரர் பில் போடும் கம்ப்யூட்டருக்கு 8 ஜிபி கேட்டார். விலையைச் சொன்னதும் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். பாவமாக இருந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து 4 ஜிபி ரேம் இரண்டைக் கழற்றி, ரப்பரால் துடைத்துப் போட்டுக் கொடுத்தேன்.

2017, 2018இலும் ரேம் இப்படித்தான் ஏறி நின்றது, 2019இல் இறங்கியது. நாம் உன் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தது அந்த டிசம்பரில்தான். இந்தத் தடவை எப்போது இறங்கும் என்று நான் நாள் குறிக்க மாட்டேன். புது ஃபேக்டரி கட்டி ஓட்ட வருஷக்கணக்கில் ஆகும். ஆனால் உன்னிடம் 16 ஜிபி டிடிஆர்4, அதாவது முந்தைய தலைமுறை ரேம், இருக்கிறது. புது ஏஎம்5 வகை மதர்போர்டுக்குப் போனால் அது ஆகாது, டிடிஆர்5 வாங்கியே ஆக வேண்டும். இன்றைய விலையில் அது வீண் செலவு.

கார்டுக்கும் இதே நியாயம்தானே, அதையும் பொறுக்கலாமே என்பாய். கார்டிலும் மெமரி சிப்தான் இருக்கிறது. பொறுத்தால் மலியும் என்று இந்தத் தடவை சொல்ல மாட்டேன். அதோடு, உன்னை இழுத்துப் பிடிப்பதே கார்டுதான். ஆட்டத்தின்போது எடுத்து நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் கார்டு 98 சதவீதம் ஓடுகிறது, பிராசசர் பாதிகூட இல்லை. தீபாவளிக்கு 1080பியைவிடத் தெளிவு கூடிய 1440பி மானிட்டர் வாங்கினாய். உன்னிடம் இருக்கும் 6 ஜிபி 1660 சூப்பர் கார்டு அதைத் தாங்காது. சந்தேகமிருந்தால் அதே இடத்தில் ஆட்டத்தை 1080பிக்கு இறக்கிப் பார். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கை, நன்றாக ஏறினால் குறை கார்டில். ஏறாமல் நின்றால் பிராசசரில், அப்போது எனக்குப் போன் செய்.

வாங்குவதாக இருந்தால் 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி வாங்கு. உன் பி450 போர்டில் கார்டு செருகும் பாதை பழைய பிசிஐ 3.0தான். ஆர்டிஎக்ஸ் 5060, 5060 டிஐ கார்டுகள் இரண்டும் அந்தப் பாதையில் எட்டு லேனில் ஓடுபவை. 9060 எக்ஸ்டி பதினாறு லேன். பழைய போர்டில் இது முக்கியம். கார்டின் மெமரி நிறைந்து, ரேமிலிருந்து இழுக்க வேண்டி வரும்போது பாதி அகலப் பாதையில் ஆட்டம் திக்கித் திக்கிப் போகும். 8 ஜிபி கார்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அப்புறம், உன் ஸ்கிரீன்ஷாட்டில் இன்னொன்றைப் பார்த்தேன். ரேம் வேகம் 2133 என்று காட்டுகிறது. நாம் போட்டது 3200. அணைத்துப் போட்டால் கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது என்றும் சொன்னாய். போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 செல் தீர்ந்துபோய், போர்டை எழுப்பும் பயாஸ் மென்பொருளின் செட்டிங் அழிந்திருக்கிறது. புது செல் போடு. அப்படியே பயாஸை அப்டேட் செய்துவிட்டு, ரேமை 3200இல் ஓட்டும் எக்ஸ்எம்பியையும், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான எஃப்டிபிஎம்மையும் ஆன் செய்துவிடு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. உன் ரைசன் 3600 பிராசசரில் விண்டோஸ் 11 ஓடும். யூபிஎஸ் இல்லாமல் பயாஸ் அப்டேட்டைத் தொடாதே.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்று. 450 வாட் கணக்குக்குப் போதும்தான், ஆனால் ஆறு வருஷம் ஓடிய சாமான். 650 வாட்டில் நல்லதாக வாங்கினால் பின்னால் எந்த போர்டுக்குப் போனாலும் கூட வரும்.

பிராசசரைக் கழற்றாதே. 2019இல் பட்டாலையில் துண்டை விரித்து வைத்துப் போட்டோமே, நினைவிருக்கிறதா? பிராசசர் மேல் இருக்கும் கூலரைத் தூக்கியதும், சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. மூலையில் ஒரு பின் வளைந்திருந்தது. உன் முகம் செத்துப்போயிற்று. உன் பேனா பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழாய் முனையைப் பின்னில் மாட்டி, மூச்சுக்கூட விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். டார்ச் பிடித்தது அப்பத்தா. அந்தப் பின்னோடுதான் இன்றைக்கும் ஓடுகிறது. எப்போதாவது கழற்ற வேண்டி வந்தால் பத்து நிமிஷம் ஆட்டம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரைத் திருகித்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவு செலவு ஒரு விளையாட்டுக்கா என்று ஆத்தா கேட்டாள். ஷிப்ட் முடிந்து தனி ரூமுக்குப் போகிறவன், ராத்திரி நம் ஊர்ப் பையன்களோடு சேர்ந்து சிரிப்பது அதில்தான் என்று சொன்னேன். அப்புறம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பாதிப் பணம் நான் போடுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, 2020இல் தந்திருக்க வேண்டியது. பழைய 1660 சூப்பரை விற்றுவிடாதே; தங்கச்சி 3டி படம் செய்யும் ப்ளெண்டர் கற்றுக்கொள்கிறாள், வீட்டில் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும்போது கொண்டு வா. கார்டு வந்ததும் வீடியோ எடுத்துக்கொண்டே பிரி. பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வை.

பார்சலில் ஆத்தா சீப்புச் சீடை வைத்திருக்கிறாள். அதற்கு அடியில் சின்ன கவரில் சிஆர்2032 செல் இரண்டு இருக்கின்றன. செல்லை முதலில் மாற்றிவிட்டு போன் செய்.

உன் அப்பச்சி