துருக்கியில் நடந்ததன் மீதிப் பாதி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓய்வு பெற்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை டயானா டொராசியைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு பெண் பாஸ்கெட்பால் ஆட்டக்காரருக்கு முழுப் பக்கம்! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். முதல் முறையோடு நிறுத்தியிருக்கலாம். நடுவில் ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது. இடையில் சில காலம் பணத்துக்காக ரஷ்யா, துருக்கி என்று போய் ஆடினாராம், 2010இல் துருக்கியில் ஊக்கமருந்துப் புகாரிலும் சிக்கினாராம். அங்கே ஒரு முற்றுப்புள்ளி. அடுத்த வரியில் ஒலிம்பிக் தங்கம் வந்துவிட்டது.

அந்தப் புகார் அப்புறம் என்ன ஆயிற்று? தங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இடம் போதாமல் விட்டிருப்பீர்கள். என்னைப் போன்றவர்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன். இஸ்தான்புல்லில் ஃபெனர்பாசே அணிக்கு அவர் ஆடிக்கொண்டிருந்தபோது, அங்காராவில் உள்ள ஓர் ஆய்வுக்கூடம் அவருடைய சிறுநீர் மாதிரியில் மொடாஃபினில் இருப்பதாகச் சொன்னது. பகலில் தூக்கம் அழுத்தும் நோய்க்குக் கொடுக்கும் மருந்து அது. சரிபார்க்க எடுத்துவைத்திருந்த இரண்டாவது மாதிரியான 'பி' மாதிரியிலும் இருக்கிறது என்றது. அணி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. இரண்டாண்டுத் தடை வந்தால் 2012 லண்டன் ஒலிம்பிக்கே போச்சு என்று எல்லோரும் எழுதினார்கள். 2011 பிப்ரவரியில் அதே ஆய்வுக்கூடம் தன் அறிக்கை தவறு என்று திரும்பப் பெற்றுக்கொண்டது. துருக்கிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தான் போட்டிருந்த தற்காலிகத் தடையை நீக்கியது. அவர் அடுத்த பருவத்தில் அதே ஊருக்குத் திரும்பிப் போய், ஃபெனர்பாசேயின் பரம எதிரியான கலாட்டாசராய் அணிக்கு ஆடினார். லண்டனிலும் தங்கம் வாங்கினார். "சிக்கினார்" என்று எழுத ஒரு சொல் இடம் இருந்தது. "விடுவிக்கப்பட்டார்" என்பதும் ஒரே சொல்தானே ஐயா!

இவ்வளவு தூரத்தில் நடந்ததற்கு ஒரு கிழவி ஏன் குதிக்கிறாள் என்று தோன்றும். சொல்கிறேன். 1984இல் நான் மாவட்ட ஜூனியர் பெண்கள் அணியில் இருந்தேன். எதிரணியிலிருந்து யாரோ எனக்கு வயது கூடுதல் என்று மனுக் கொடுத்தார்கள். ஒரு நாளிதழில் (தங்கள் இதழ் அல்ல, பயப்பட வேண்டாம்) 'வயது மோசடி: மாணவி நீக்கம்' என்று என் பெயர், அப்பாவின் மளிகைக்கடை இருந்த தெரு உட்பட வந்தது. மூன்று வாரத்தில் நகராட்சிப் பிறப்புப் பதிவேட்டின் நகல் வந்து, புகார் பொய் என்று எழுத்துமூலம் கடிதமும் கொடுத்துவிட்டார்கள். அப்பா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தார். "பார்க்கலாம்" என்றார்கள். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் பெரியம்மா காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "பேப்பரில் வந்துச்சே, அந்தப் பொண்ணுதானா?" அப்பா உள்ளே போய் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். பெண் பார்க்கும் இடத்தில் பிறப்புச் சான்றிதழோடு நின்ற தகப்பனை நீங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்தப் "பணத்துக்காக"வுக்கு வருவோம். ஆமாம், பணத்துக்காகத்தான். வேறு எதற்குப் போவார்கள், ஊர் சுற்றிப் பார்க்கவா? 2015இல் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஒருவருக்குக் கிடைத்த உச்சச் சம்பளமே 1 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்குள்தான். ரஷ்யாவில் யூரல் மலைப் பக்கம் யெகாடெரின்பர்க்கில், ஒரு செம்புச் சுரங்கக் கம்பெனியின் அணி இவருக்குப் பருவத்துக்கு 15 லட்சம் டாலர் அளவில் கொடுத்தது என்று அப்போது செய்தி வந்தது. அதோடு நிற்கவில்லை. கோடையில் அமெரிக்காவில் ஆடாமல் ஓய்வெடுத்துக்கொள், அந்தச் சம்பளத்துக்கு மேலேயே நாங்கள் தருகிறோம் என்றார்கள். அவரும் அந்த வருடம் தன் அமெரிக்க அணியான பீனிக்ஸ் மெர்குரிக்கு ஆடவில்லை. சொந்த நாட்டில் ஆடக் கிடைக்கிற கூலியைவிட, ஆடாமல் இருக்க வெளிநாட்டுக்காரன் கொடுக்கிற கூலி அதிகம். வெட்கப்பட வேண்டியது யார்? உங்கள் கட்டுரையைப் படித்தால் அவர்தான் என்று தோன்றுகிறது.

"சில காலம்" என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2005 முதல் 2017 வரை உங்கள் அகராதியில் சில காலம் போலிருக்கிறது. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை அமெரிக்காவில், அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை பனியில். முதலில் ரஷ்யாவின் டைனமோ மாஸ்கோ அணி, அப்புறம் அங்கேயே ஸ்பார்ட்டக் அணி. ஸ்பார்ட்டக்கில் இன்னொரு அமெரிக்க ஆட்டக்காரரான சூ பேர்டும் இவரும் சேர்ந்து 2007 முதல் 2010 வரை ஐரோப்பிய அணிகளுக்கான யூரோலீக் பட்டத்தைத் தொடர்ந்து நான்கு முறை வென்றார்கள். அதன் பிறகு யெகாடெரின்பர்க்கோடு 2013, 2016 என இன்னும் இரண்டு. ஆக ஆறு. டபிள்யூ.என்.பி.ஏ.வில் வாங்கியது மூன்றுதான், அதைப் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறீர்கள். இந்த ஆறு எங்கே?

அந்த ஸ்பார்ட்டக் அணியை நடத்திய கால்மனோவிச் என்ற மனிதரைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாலே உங்கள் வாசகர்கள் விடிய விடியப் படித்திருப்பார்கள். சோவியத் யூனியனுக்கு உளவு பார்த்ததாக இஸ்ரேலில் சிறையில் இருந்தவர். வெளியே வந்து பணக்காரராகி, பெண்கள் கூடைப்பந்தில் பணத்தைக் கொட்டினார். வீடு, நீச்சல்குளம், ஓட்டுநர் என்று இந்தப் பெண்களை ராணி மாதிரி வைத்திருந்தார். 2009 நவம்பரில் மாஸ்கோ நடுத்தெருவில் காருக்குள்ளேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த அணியில் ஆடி அந்தப் பருவத்தின் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தவர்தான் நீங்கள் சொல்லும் இந்த 'பணத்துக்காக'ப் போன பெண்.

இப்படி வருடம் முழுக்க ஓடினால் உடம்பு என்ன ஆகும் என்று முப்பத்தோரு வருடம் பி.டி. டீச்சராக இருந்த எனக்குத் தெரியும். காலையில் பள்ளி, மாலையில் பயிற்சி, ஏப்ரல் மேயில் கோடை முகாம் என்று சம்பளம் போதாமல் நானும் ஓடியிருக்கிறேன். என் இடது முழங்காலைக் கேட்டால் சொல்லும். அமெரிக்காவின் பிரியானா ஸ்டூவர்ட் 2018இல் அங்கே ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். அடுத்த ஏப்ரலில் ஹங்கேரியில் ரஷ்ய அணி ஒன்றுக்காக யூரோலீக் இறுதியாட்டம் ஆடும்போது குதிகால் தசைநார் அறுந்து, அந்த வருடம் முழுக்கப் போனது. இன்னொரு அமெரிக்க ஆட்டக்காரர் பிரிட்னி கிரைனர் 2022இல் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானபோது தாங்கள் தொடர்ந்து எழுதினீர்கள். சிறை, கூண்டு, கைதிகள் பரிமாற்றம் எல்லாம் வந்தது. அவர் போனது டொராசி ஆடிய அதே யெகாடெரின்பர்க் அணிக்கு, போன காரணமும் அதே சம்பளம்தான் என்பது மட்டும் வரவில்லை. பெண் கூடை போட்டால் செய்தி இல்லை, கூண்டில் நின்றால் செய்தி.

பழையதைக் கிளற வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு மாநிலப் பெண்கள் கூடைப்பந்துச் செய்தியில் "கடைசி நிமிடத்தில் இரண்டு கோல்கள் அடித்து" என்று எழுதியிருந்தீர்கள். அஞ்சலட்டை போட்டேன். அடுத்த மாதம் அதே போட்டியின் படத்தில் பரிசு கொடுத்த பிரமுகர் பெயர் இருந்தது, அவருடைய மைத்துனர் பெயர் இருந்தது, கோப்பையைப் பிடித்திருந்த பெண்ணின் பெயர் இல்லை. அதற்கும் எழுதினேன். அந்தக் கடிதத்தில் இதழைப் பாராட்டியிருந்த முதல் இரண்டு வரி மட்டும் அச்சில் வந்தது. நன்றி. விலை ஏறியபோதும், விளையாட்டுக்கு இருந்த நான்கு பக்கம் இரண்டாகச் சுருங்கியபோதும் நான் சந்தாவை நிறுத்தவில்லை. அதை இங்கே சொல்லிக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. டொராசிக்கு இந்த இதழ் கைக்குப் போகப்போவதில்லை, அவர் இதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆளும் இல்லை. ஆனால் அதைப் படித்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 'ஓ, இந்த அம்மா மருந்து போட்டு ஆடினவங்களா' என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டியிருப்பாள். அடுத்த இதழில், அதே பக்கத்தில், மூன்று வரித் திருத்தம் போடுங்கள்: ஆய்வுக்கூடம் 2011இல் தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றது, அவர் மீதான தடை நீக்கப்பட்டது, அவர் குற்றமற்றவர். கடைசிப் பக்கத்தில் ராசிபலனுக்குக் கீழே வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் போட்டால் என் பெயரை விட்டுவிடவும். ஒரு முறை அச்சில் வந்ததே போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திண்டுக்கல்