வசந்தகாலக் கரடி வேட்டை வாரம்: முற்பணம் கட்டும் முன் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த வசந்தகால வேட்டை வாரங்களுக்கான முன்பதிவு தொடங்குகிறது. எங்களை அழைப்பவர்களில் பலர் முதலில் கேட்பது, "ஒரு வாரம் வந்து நின்றால் கரடி கிடைக்கும்தானே?" என்றுதான். அந்த உறுதியை நாங்கள் தருவதில்லை. வேறு இடங்களில் தருகிறார்கள் என்று சிலர் சொல்கிறீர்கள். சரி, நாங்கள் ஏன் தருவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வசந்தகாலக் கரடி வேட்டை மே 1 முதல் யூன் 15 வரை. இந்தப் பருவத்தில் குட்டியையோ குட்டியுள்ள தாயையோ சுடுவது குற்றம். 25,000 டொலர் வரை தண்டமும் ஒரு வருடம் வரை சிறையும் கிடைக்கலாம். இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தாய் சுடப்பட்டதால் பசியில் சாகும் குட்டிகளைப் பற்றி எழுந்த எதிர்ப்பால்தான் 1999இல் மாகாண அரசு வசந்தகால வேட்டையையே நிறுத்தியது. 2014இல் சில பகுதிகளில் மட்டும் பரீட்சார்த்தமாகத் திரும்ப அனுமதித்தார்கள். 2021இல்தான் அது நிரந்தரமானது. எங்களைப் போன்ற சிறிய வேட்டை முகாம்கள் பிழைப்பதும் அழிவதும் அந்த அனுமதியோடுதான்.

சட்டத்தில் இது ஒரு வரி. பரணில் இருந்து பார்க்கும்போது அவ்வளவு சுலபமில்லை. வன்னிக் காட்டுக் கரடியைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தாய் தன் குட்டிகளை முதுகில் சுமந்து திரியும். பார்த்த உடனேயே தாய் என்று விளங்கும். இங்குள்ள கறுப்புக் கரடி அப்படிச் செய்யாது. ஆபத்து என்று மோப்பம் பிடித்தால் குட்டிகளை ஒரு மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியாகத்தான் இரை வைத்த இடத்துக்கு வரும். சனவரியில் குகைக்குள் பிறந்த குட்டிகள் மே மாதத்தில் இன்னும் பால்குடிதான். மரத்தின் உச்சியில் சத்தமில்லாமல் இருக்கும். தாய் திரும்பி வந்து கூப்பிடாவிட்டால் அவை பிழைக்காது.

அதனால் எங்கள் முகாமில் கரடி வந்த உடனே துவக்கைத் தூக்க முடியாது. குறைந்தது இருபது நிமிடம் பார்க்க வேண்டும். முதல்முறை வேட்டைக்கு வருபவரோடு வழிகாட்டியும் அதே பரணில் இருப்பார். அவர் பார்ப்பது பல விடயங்கள். இரை வைக்கும் 205 லீற்றர் இரும்புப் பெரல் நிமிர்ந்து நிற்கும்போது ஏறக்குறைய 88 சென்ரிமீற்றர் உயரம். கரடியின் முதுகு அதன் மேல் விளிம்புக்கு வந்தால் அநேகமாகப் பெரிய ஆண். ஆண் கரடியின் தலை அகலமாகி, காதுகள் சிறியவைபோல இரு பக்கமும் தள்ளித் தெரியும். மெலிந்த முகமும் பெரிய காதும் என்றால் பெண்ணாகவோ இளசாகவோ இருக்கலாம். அது குந்தியிருக்கும்போது தொலைநோக்கியால் மார்பைப் பார்ப்போம், பால் கொடுக்கும் அடையாளம் இருக்கிறதா என்று. அடிக்கடி ஒரே மரத்தைத் திரும்பிப் பார்க்கிறதா, மூச்சை ஊதிப் பல்லைக் கடிக்கிறதா, பின்னால் எங்காவது குட்டி முனகுகிறதா என்றெல்லாம் கவனிப்போம். கொஞ்சம் சந்தேகம் என்றாலும் வழிகாட்டி "வேண்டாம்" என்பார். அந்தச் சொல்லே முடிவு. நீங்கள் எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும், அது கடைசி நாள் மாலையாக இருந்தாலும் மாறாது.

இப்போது விளங்கும், "கரடி கிடைக்காவிட்டால் பணம் திரும்ப" என்று நாங்கள் ஏன் சொல்வதில்லை என்று. அப்படிச் சொன்னால் வழிகாட்டியின் தலையில் எங்கள் கடன் ஏறி உட்காரும். வாரக் கடைசியில், வெளிச்சம் மங்கும் நேரத்தில், அவர் "ஓம், சுடுங்கள்" என்று சொல்ல அது போதும். கரடி விழுந்தால் மேலதிகக் கட்டணம் வாங்குவதில்லை, வழிகாட்டிக்கு ஊக்கத்தொகையும் கொடுப்பதில்லை. விழுந்தாலும் விழாவிட்டாலும் ஒரே விலை.

காயப்பட்ட கரடி விடயத்திலும் நாங்கள் கண்டிப்பானவர்கள். கரடியின் கொழுப்பு காயத்தை மூடிவிடும், அடர்ந்த மயிர் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். மானைப் போல நிலத்தில் இரத்தத் தடம் கிடைக்குமென்று நம்ப முடியாது. ஆகவே பக்கவாட்டாக, முன்னங்கால் சற்று முன்னால் நீட்டியபடி நிற்கும்போது நெஞ்சைப் பார்த்து மட்டுமே சுட வேண்டும். தலையைப் பார்த்துச் சுடுவதற்கு இங்கே இடமில்லை. முகாமுக்கு வந்ததும் எல்லோரும் இலக்குப் பலகையில் சுட்டுக் காட்ட வேண்டும். துவக்கு சரியாக அடிக்கும்வரை பரணுக்கு அனுப்பமாட்டோம். கரடி காயத்தோடு ஓடினால் அதுதான் உங்கள் கரடி. பிறகு அதைத் தேடுவதுதான் வேலை, இன்னொன்றுக்கு இருப்பதில்லை.

வாரம் எப்படிப் போகும்? சாப்லோ ஊருக்குத் தெற்கே, 129ஆம் நெடுஞ்சாலையிலிருந்து மரம் ஏற்றும் லொறிகள் போட்ட மண்பாதையில் உள்ளே போனால் முகாம். ரொறன்ரோவிலிருந்து ஒரு முழு நாள் ஓட்டம். கைத்தொலைபேசி வேலை செய்யாது. காலையில் ஆறுதலாக எழும்பலாம். மே மூன்றாம் சனிக்கிழமைக்குப் பிறகு வருபவர்கள் பிக்கரல் மீன் பிடிக்கலாம். பிற்பகலில் பரணில் ஏறினால், சூரியன் மறைந்து அரை மணித்தியாலம்வரை இருப்பு. மே கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணி தாண்டும். பெரிய ஆண் கரடிகள் பெரும்பாலும் கடைசி வெளிச்சத்தில்தான் வரும் என்பதால் இடையில் இறங்க முடியாது. அசையாமல், கதைக்காமல், வாசனைத் திரவியம் பூசாமல் இருக்க வேண்டும். கறுப்பு ஈயும் நுளம்பும் பொல்லாதவை. தலையை மூடும் வலைச் சட்டை இல்லாமல் வராதீர்கள்.

சுடாமல் பார்க்க மட்டும் விரும்புபவரையும் சேர்த்துக்கொள்கிறோம். ஒருவர் வேட்டையாட, துணைவியோ வளர்ந்த பிள்ளையோ கூடவந்து பார்ப்பது எங்களுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. சாப்லோவின் வடகிழக்கே 1925இல் ஒதுக்கப்பட்ட அரச வனவிலங்குக் காப்பகம் ஏறக்குறைய 7,000 சதுர கிலோமீற்றர். அங்கே வேட்டைக்குத் தடை. ஒரு காலையில் அந்தப் பக்கமும் கூட்டிப்போவோம்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக: ஒன்ராறியோவாசிகளுக்கு அவுட்டோர்ஸ் கார்ட் (மாகாணத்தின் வேட்டை, மீன்பிடி அடையாள அட்டை), கரடிக்கான உரிமமும் டாக்கும் (ஒரு கரடியைச் சுட அனுமதிக்கும் சீட்டு), மத்திய அரசின் துவக்கு உரிமம் மூன்றும் வேண்டும். கரடி கிடைக்காவிட்டாலும், காட்டுக்கே போகாவிட்டாலும், டாக் வாங்கியவர் மாகாணத்துக்கு அறிக்கை அனுப்பியே ஆகவேண்டும். பாரிஸ், லண்டனிலிருந்து உறவினரை அழைத்து வருபவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்களுக்கு நடைமுறை வேறு. அப்புறம், பித்தப்பை. நாட்டு மருந்துக்கென்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். உடலிலிருந்து பிரித்தெடுத்த கரடிப் பித்தப்பையை வைத்திருப்பதே இங்கு குற்றம்.

இறைச்சியைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். தோலை மட்டும் எடுத்துக்கொண்டு போக விடமாட்டோம். மெதுவாக வேகவைத்துப் பிரட்டினால் அருமையான இறைச்சி. ஆனால் கரடியில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். பன்றி இறைச்சியில் வரும் வகை உறைநிலையில் சாகும், வடக்குக் கரடியில் இருக்கும் வகை சாகாது. 2022இல் வட சஸ்காச்சுவானில் சுட்ட கரடியின் இறைச்சியை 45 நாள் உறையவைத்த பிறகு, அமெரிக்காவின் தென் டக்கோட்டாவில் ஒரு குடும்பம் கபாப் செய்து சாப்பிட்டது. இறைச்சியே கருமையாக இருந்ததால் வெந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஆறு பேருக்கு நோய். அதில் இருவர் இறைச்சியைத் தொடவேயில்லை, அதோடு சேர்த்துச் சமைத்த மரக்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். உள்ளே 74 பாகை செல்சியஸ் வரவேண்டும். வெட்டிய பலகையையும் கத்தியையும் நன்றாகக் கழுவுங்கள்.

இதையெல்லாம் வாசித்து, வெறுங்கையோடு வீடு திரும்பும் வாரமாகவும் அது இருக்கலாம் என்பதற்குச் சம்மதமென்றால், முற்பணம் அனுப்புவதற்கு முன் ஒருமுறை எங்களோடு தொலைபேசியில் கதையுங்கள். இதுவரை என்ன வேட்டையாடியிருக்கிறீர்கள், என்ன துவக்கு, உயரத்தில் ஏறி இருக்க முழங்கால் இடங்கொடுக்குமா என்று கேட்போம். பரண் ஏற முடியாதவர்களுக்கு நிலத்தில் மறைப்புக் கூடாரமும் உண்டு.

அன்புடன்,
முகாம் அலுவலகம்