காட்டுயிர் ஆவணப்படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஃபிரிகேட் என்னும் கடற்பறவை என்றாலே உங்கள் படங்களில் ஒரே காட்சிதான். மீனோடு கூடு திரும்பும் பூபி என்ற இன்னொரு கடற்பறவையைத் துரத்துகிறது. வாலைப் பிடித்து உலுக்குகிறது. அது கக்கும் மீனைக் கடலில் விழுமுன் கவ்விக்கொள்கிறது. பின்னணியில் ஒரு கனத்த குரல் ‘கடற்கொள்ளையன்’ என்கிறது. காட்சி பொய்யில்லை. ஆனால் அதன் இரையில் பறித்துத் தின்பது சிறு பங்குதான். கோலா மீனையும் கணவாயையும் நீர்ப்பரப்பிலிருந்து தானே கொத்தி எடுத்துத்தான் அது பிழைக்கிறது, அதுவும் அலகை மட்டும் நனைத்து!

உடல் நனைந்தால் அதற்கு ஆபத்து. கடற்பறவையாகப் பிறந்தும் இறகில் போதிய எண்ணெய்ப்பசை இல்லை. நீரில் உட்கார்ந்து இளைப்பாற வழியில்லை. அதனால் வானமே கதி. இரண்டு மீட்டருக்கு மேல் விரியும் இறக்கை, ஒன்றரைக் கிலோ சுமாரான உடல். எடையோடு ஒப்பிட்டால் இத்தனை பரந்த இறக்கை வேறெந்தப் பறவைக்கும் இல்லை. மொசாம்பிக் கால்வாயிலுள்ள யூரோப்பா தீவின் பறவைகளைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வு, அவை இரண்டு மாதம் வரை தரையிறங்காமல் பறப்பதைக் காட்டியது. திரள்மேகத்துக்குள் புகுந்து, அங்கே மேலெழும் காற்றிலேறி, 4,000 மீட்டர் உயரம்வரை போகின்றன. உறக்கம்? அதே ஆண்டு பசிபிக் கடலின் கலாபகசுத் தீவுகளிலுள்ள ஃபிரிகேட் பறவைகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தார்கள்: பறக்கும்போது நாளுக்குச் சராசரியாக 42 நிமிடம், சில நொடித் துணுக்குகளாக. கூட்டுக்கு வந்தால் 12 மணி நேரத்துக்கும் மேல் தூங்கித் தீர்க்கிறது. இதைவிடப் பெரிய கதை உங்களுக்கு எதற்கு?

பெண்ணை ஈர்க்க ஆண் ஊதிக்காட்டும் சிவந்த தொண்டைப் பையை வேண்டிய அளவு காட்டிவிட்டீர்கள். அதில் எனக்குக் குறையில்லை. தாயைத்தான் காணோம். இடுவது ஒரே முட்டை. ஃபிரிகேட் பறவைகளில் மிகப் பெரிய இனத்தில், குஞ்சு வளர்ந்து முடியுமுன்பே ஆண் விலகிப்போகிறது. குஞ்சு பறக்கப் பழகிய பிறகும் மாதக்கணக்கில் தாய் தனியாக ஊட்டுகிறது. பறவையுலகில் இவ்வளவு நீண்ட வளர்ப்பு அரிது. அதைப் படமெடுக்கப் பொறுமை வேண்டும் என்பது தெரியும்; துரத்தல் காட்சிக்கு ஒரு மாலை போதும்.

எடுக்கப் போனால் ஒன்று. படகைக் கூடுகளுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். மிரண்டு தாய் எழுந்தால், காவலற்ற கூட்டின் குச்சிகளை அண்டைப் பறவைகளே உருவிக்கொண்டு போகும்; முட்டையும் குஞ்சும் தப்புவது கடினம். நெடுந்தொலைவு லென்ஸோடு எட்ட நின்றே எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் படங்களை விடாமல் பார்க்கும் ஒருவர்